ஆறு எட்டான கதை

மூட்டையாருக்கு வலது முழங்கால் காலையிலிருந்தே மக்கர் பண்ணியது. மடக்கினால் ஒரு வலி, நீட்டினால் இன்னொரு வலி. இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிம்மதி இருக்குமா என்று காரின் முன் சீட்டில் உட்கார்ந்தபடி காலை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வயதிலிருந்து முப்பது வரை துறைமுகக் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர். அப்புறம் வாட்ச்மேன். அப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் காயம் காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலை. கடைசியில் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம். வாசல் பலகையில் என்ன பேர் எழுதினாலும் ஊர் அவரை மூட்டையார் என்றுதான் கூப்பிட்டது.

"மூட்டைக்கு மூட்டு வலி. என்ன பொருத்தம் பாரு தம்பி," என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கியர் அக்கா.

கியர் அக்கா இருபத்திரண்டு வருடம் டாக்ஸி ஓட்டியவள். உதவியாளர் வேலைக்கு ஆள் தேவை என்று மூட்டையார் விளம்பரம் கொடுத்தபோது வந்து நின்ற ஒரே ஆள் அவள்தான். அவரைவிட ஆறு வயது மூத்தவள். முதல் நாளே 'சார்' என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்து, வாய்க்குப் பொருந்தவில்லை என்று தம்பிக்கு மாற்றிக்கொண்டாள்.

மூட்டையார் அவள் கிண்டலைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடியில் அன்று காலை வந்த மோட்டார் வார இதழ் கிடந்தது. 'பிஸ்டன்' என்ற புனைபெயரில் எழுதுகிறவரின் பக்கம். தலைப்பே அவரைக் குத்தியது: 'எட்டு சிலிண்டர் உறுதி! தகவல் சொன்ன தொழிலாளி வெளியேற்றம்.'

விஷயம் இதுதான். சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் செய்கிற ஒரு பெரிய கம்பெனி. அடுத்த வருடம் வரப்போகிற மாடலில் என்ன என்ஜின் என்பது பரம ரகசியம். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பிஸ்டன் எழுதினார்: இப்போதிருக்கும் ஆறு சிலிண்டர் என்ஜின் போய் எட்டு சிலிண்டர் வருகிறது, சோதனை அறையிலிருந்தே வந்த தகவல். அவ்வளவுதான், இப்போதைய மாடலுக்கு முன்பதிவு செய்தவர்கள் வரிசையாக ரத்து செய்தார்கள். எட்டு வரப்போகும்போது ஆறை எவன் வாங்குவான்? கம்பெனி மூட்டையாரைக் கூப்பிட்டது. பாதுகாப்பு மேனேஜர் ஒரே வரியில் வேலையைச் சொல்லிவிட்டார். செய்தி சரியா தப்பா என்பது உங்கள் வேலை இல்லை, யார் சொன்னது என்பதுதான் உங்கள் வேலை.

மூட்டையார் பத்து நாள் பிஸ்டன் பின்னால் அலைந்தார். ஒரு லாண்டரி வாசலில் பிஸ்டனும் சோதனை அறை ஃபிட்டர் ஒருவரும் நின்று சிரித்துப் பேசுவதை மூன்று தடவை பார்த்தார், மூன்று தடவையும் போட்டோ எடுத்தார். ஃபிட்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிஸ்டனோடு என்ன பேச்சு என்று கேட்டதற்கு, "அவர் சட்டையில கிரீஸ் கறை. எப்படிப் போகும்னு கேட்டார், சொன்னேன்," என்றார் ஃபிட்டர். என்ஜினைப் பற்றிச் சொன்னீர்களா என்றதற்கு, "நான் சொல்லியிருந்தா தப்பாச் சொல்லியிருக்க மாட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதற்கு மேல் என்ன கேட்டும் பதில் இல்லை.

மூட்டையார் அறிக்கை எழுதினார். முதல் பதிலுக்கு நேராக, 'நம்பும்படி இல்லை.' இரண்டாவது பதிலுக்கு நேராக, 'திமிர். பாதி ஒப்புதல்.' ஃபிட்டரைத் தற்காலிகமாக நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இன்று மாலை நாலு மணிக்கு நிரந்தர நீக்கக் கடிதத்தில் கையெழுத்து. காரணம்: நம்பிக்கைத் துரோகம். அந்த இரண்டு வார்த்தை ஒரு மனிதனின் காகிதத்தில் ஏறிவிட்டால், எந்தப் பட்டறையும் அவனுக்கு ஒரு ஸ்பேனரைக்கூட நம்பிக் கொடுக்காது.

பிஸ்டன் இன்று எழுதியிருந்த வரியை மூட்டையார் மறுபடியும் படித்தார். 'பொய் சொன்னவனை எந்தக் கம்பெனியாவது துரோகி என்று வெளியே அனுப்புமா? ஆகவே செய்தி உண்மை.'

ஆக, அந்தச் செய்திக்குச் சாட்சி மூட்டையார் எழுதிய அறிக்கை. வதந்தியைப் பிடிக்கப் போனவர் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"கடைசிப் பத்தியைப் படிச்சியா?" என்றாள் அக்கா. "பன்னிரண்டு சிலிண்டரும் பரிசீலனையில் இருக்காம். அந்தக் காரோட பானெட்டை நான் பார்த்திருக்கேன். அதுல பன்னிரண்டை வைக்கணும்னா டிரைவர் டிக்கிலதான் உக்காரணும்."

மூட்டையார் காலை நகர்த்துவதை நிறுத்தினார்.

"என்ன, வலி போயிடுச்சா?"

"ஃபிட்டர் மூணு வாரமா கம்பெனிக்குள்ள இல்ல. பன்னிரண்டுங்கறது இந்த வாரச் செய்தி. யார் சொன்னா?"

"யாரோ சொன்னான். ஆனா என்ஜினைப் பக்கத்துல நின்னு பார்த்தவன் எவனும் பன்னிரண்டுன்னு சொல்ல மாட்டான். எனக்கே சிரிப்பு வருதே."

அதுதான் விஷயம். சொன்னது யாராக இருந்தாலும் என்ஜின் தெரியாத ஆள். ஃபிட்டருக்கு இருபது வருட அனுபவம். மூட்டையார் இதழை மடித்து டாஷ்போர்டில் வைத்தார்.

"லாண்டரிக்குப் போ," என்றார்.

லாண்டரி எதிரே கார் நின்றது. அதே இடம். போட்டோ எடுத்த மூன்று தடவையும் இங்கேதான் நின்றார்கள். கண்ணாடிக் கதவு, ஆவி படிந்த ஜன்னல், வாசலில் மூன்று படி. அப்போதும் முழங்கால் வலித்தது. படி ஏறி உள்ளே போய் நாலு கேள்வி கேட்டிருக்கலாம். சீட்டில் உட்கார்ந்தபடியே போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஐம்பது கிலோ மூட்டையோடு கப்பல் பலகை ஏறிய கால், மூன்று படிக்குக் கணக்குப் பார்த்தது.

இறங்கப் போனவரை அக்கா தடுத்தாள். கியர் லீவரின் அடியில் விரலை விட்டு, கறுப்பாக வழித்து, அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

"என்னக்கா இது?"

"லாண்டரிக்குப் போறோம். அழுக்கில்லாமப் போனா சந்தேகப்படுவாங்க."

மூன்று படியையும் மூட்டையார் ஒவ்வொன்றாக எண்ணி ஏறினார். உள்ளே ஆவியும் சோப்பு வாடையும் முகத்தில் அறைந்தன. நீள மேஜையில் ஒரு பெண் நின்றபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை சூடு பட்ட தழும்புகள். மேஜைக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் உட்கார ஒரு பெஞ்சு. பெஞ்சை ஒட்டி ஒரு பெரிய தொட்டி, அதில் மலை மாதிரி நீல ஓவரால்கள். கம்பெனிச் சின்னம் தைத்தது, காலரில் எண் போட்டது.

மூட்டையார் சட்டைக் கையை நீட்டினார். "இந்தக் கறை போகுமாம்மா?"

அந்தப் பெண் ஒரு பார்வையில் அளந்துவிட்டாள். "கிரீஸா? தண்ணி படாமப் பார்த்துக்கங்கண்ணே. முதல்ல முகத்துக்குப் போடற பௌடரைத் தூவி ஊற விடணும். அப்புறம் பாத்திரம் கழுவற சோப்பு. கடைசியிலதான் தண்ணி. முதல்லயே தண்ணியை ஊத்தினா ஜென்மத்துக்கும் போகாது."

"நல்லா தெரிஞ்சு வச்சிருக்கியே."

"எங்க வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது. கிரீஸ்லயே கிடந்தவராச்சே." இஸ்திரிப் பெட்டி ஒரு காலரை ஓங்கி அழுத்தியது. "இந்தக் கம்பெனிலதான் ஃபிட்டர். இருந்தார்."

மூட்டையாரின் கை நீட்டியபடியே நின்றது. ஃபிட்டர் தினமும் சாயங்காலம் இந்த வாசலில் நின்றது மனைவியைக் கூட்டிக்கொண்டு போக. இவ்வளவுதான். அது தெரிய மூன்று படி ஏறியிருந்தால் போதும்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தொட்டியிலிருந்து ஒரு ஓவராலை எடுத்துத் தொடைப் பக்கத்தை விரித்தாள். நீலத் துணியில் வெள்ளையாக மெழுகுப் பென்சில் கிறுக்கல். ஒன்றில் 'ஆற – 8'. இன்னொன்றில் 'ஆற – 12'. நாலைந்து ஓவராலில் இதே மாதிரி.

"இது என்ன தங்கச்சி, துணியில எழுதிப் பழகறாங்களா?"

அந்தப் பெண் சலித்துக்கொண்டாள். இந்த எழுத்துத்தான் அவளுக்குப் பெரிய தலைவலியாம், என்ன போட்டாலும் மங்குமே தவிர முழுசாகப் போகாதாம். சோதனை அறைக்குள் காகிதம், பேனா, போன் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று கம்பெனி விதி. பாகங்களில் குறி போட மெழுகுப் பென்சில் மட்டும் உண்டு. என்ஜினை முழு வேகத்தில் ஓட்டி நிறுத்தினால், அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் சூடு ஆற எத்தனை நிமிஷம் விட வேண்டும் என்று மேஸ்திரி சொல்வார். அதை எங்கே எழுதுவது? தொடையில்.

"ஆற எட்டு. ஆற பன்னிரண்டு. புது என்ஜின் ரொம்பச் சூடாகுதாம், அதான் பன்னிரண்டு நிமிஷம்," என்று முடித்தாள். "இது எல்லா ஃபிட்டருக்கும் இருக்கற பழக்கம்தான்."

மூட்டையாரும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் இருவரில் ஒருவர் கத்தியிருப்பார்.

"பத்திரிகைக்காரர் ஒருத்தர் இங்க வருவாராமே?" என்றார் மூட்டையார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"அந்த மனுஷனா? வாரத்துக்கு ரெண்டு தடவை வருவார். சட்டை ரெடியாகற வரைக்கும் இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருப்பார்." பிறகு அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவராலதான் எங்க குடும்பம் இப்படி ஆச்சு. எங்க வீட்டுக்காரர் அந்த ஆளுகிட்ட ரகசியம் சொன்னாராம். கேட்டா, கறையைப் பத்திப் பேசினேன்னு என்கிட்டயே சாதிக்கறார்."

"நீ நம்பலையா?" என்றாள் அக்கா மெதுவாக.

"எப்படிக்கா நம்பறது? கம்பெனியில ஆள் வச்சு விசாரிச்சிருக்காங்க. படிச்ச மனுஷன், நம்பும்படி இல்லன்னு எழுத்துலயே எழுதிக் கொடுத்திருக்கார். அவருக்கு எங்க மேல என்ன விரோதமா? வேலை போனா போகட்டும், நான் உழைச்சுப் போடுவேன். என்கிட்ட எதுக்குப் பொய்? மூணு வாரமா நான் அவர்கூடப் பேசறதில்ல."

இந்த இடத்தில் மூட்டையார் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படித்த மனுஷன் நான்தான் அம்மா, ஏழாவதோடு நிறுத்தியவன், நான் எழுதியது தப்பு என்று. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் ஓவராலைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிடுவாள், நாலு மணிக்குள் வேலை முடியாது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். நல்ல நியாயம். ஆனால் நியாயம் சொல்லத் தேவைப்பட்டதே, அங்கேதான் இடித்தது.

ஒரு ஓவராலைக் கம்பெனிக்குக் காட்ட வேண்டும், மாலையில் திருப்பித் தருகிறோம் என்று அக்கா எப்படியோ பேசி வாங்கிவிட்டாள். கிளம்பும்போது அந்தப் பெண் மூட்டையாரின் சட்டைக் கையைக் காட்டி, "நாளைக்குக் கொண்டாங்கண்ணே. நான் எடுத்துத் தரேன்," என்றாள்.

வார இதழ் அலுவலகம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூட்டையார் கைப்பிடியைப் பிடித்து ஏறினார்.

பிஸ்டன் ஒல்லியான ஆள். மேஜை முழுக்க பொம்மைக் கார்கள். எட்டு என்று எழுதியதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டதும், ஆதாரத்தை வெளியே சொல்வது பத்திரிகை தர்மம் இல்லை என்று ஆரம்பித்தார். அக்கா ஓவராலை மேஜையில் விரித்துப் போட்டாள். இரண்டு பொம்மைக் கார்கள் கீழே விழுந்தன. பத்திரிகை தர்மம் அதோடு நின்றது.

பிஸ்டன் வேண்டாவெறுப்பாகத் தன் போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அதே தொட்டி, வேறொரு ஓவரால். தொடையில் எழுத்து. ஆனால் 'ற'வின் காலடியில் ஒரு எண்ணெய்க் கறை வழிந்து, வாலாக வளைந்து நின்றது. படத்தில் அது 'ஆறு – 8'.

"பாத்தீங்களா? ஆறு, கோடு, எட்டு. ஆறு சிலிண்டர் எட்டாகுது. கம்பெனி ஆளோட கையெழுத்துலயே."

"அந்த வால் எழுத்து இல்ல சார், எண்ணெய்," என்றார் மூட்டையார். "அது ஆறு இல்ல. ஆற. சூடு ஆற எட்டு நிமிஷம்."

பிஸ்டன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பன்னிரண்டுக்கு எண்ணெய்க் கறைகூட இல்லையே," என்றாள் அக்கா. "அதுல பளிச்சுனு 'ஆற'ன்னுதான் இருந்திருக்கும்."

பிஸ்டன் போனைக் கவிழ்த்து வைத்தார். "ஃபிட்டர்தானே, எழுத்துப் பிழைன்னு நெனச்சேன்."

மூட்டையாருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. கிடங்கில் அவர் எழுதிய சீட்டுகளைப் பார்த்துக் குமாஸ்தாக்கள் சிரித்த சிரிப்பெல்லாம் ஒரு நொடியில் வந்து போனது. வாயைத் திறந்தவர், திறந்தபடியே நின்றார். இந்த ஆள் ஒரு எழுத்தை நம்பவில்லை. நான் ஒரு வாக்கியத்தையே நம்பவில்லையே. இவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

வேறு கேள்வி கேட்டார். "அந்த ஃபிட்டர்கூட லாண்டரி வாசல்ல என்ன பேசினீங்க?"

"அவர் ஃபிட்டர்னே எனக்கு அப்புறம்தான் தெரியும். என் சட்டையில கிரீஸ். முதல்ல பௌடர் தூவுங்க, அப்புறம் பாத்திர சோப்பு, கடைசியிலதான் தண்ணின்னார். அடுத்த தடவை பார்த்தப்ப போயிடுச்சான்னு கேட்டார். போயிடுச்சுன்னேன். நல்ல மனுஷன். நீக்கினது அவரையா?"

மூட்டையார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து பிஸ்டன் முன்னால் வைத்தார். இப்போது சொன்னதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அடுத்த இதழில் மறுப்பும் வர வேண்டும். பிஸ்டன் தயங்கினார். வாசகர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். சிலிண்டரைத் துணி துவைக்கிற இடத்தில் எண்ணியவர் என்று வேறு பத்திரிகை எழுதுவதைவிட அவரே எழுதிவிடுவது மரியாதை என்று அக்கா எடுத்துச் சொன்னாள். எழுதினார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் தலையை நிமிர்த்திக் கேட்டார்: "அப்போ நிஜமா எத்தன சிலிண்டர்?"

பாதுகாப்பு மேனேஜரின் அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி மூன்று நாற்பது. மேஜையில் நீக்கக் கடிதம் தயாராக இருந்தது. பேனா மூடி கழற்றி வைத்திருந்தது. மூட்டையார் ஓவராலை விரித்தார், பிஸ்டன் எழுதிய தாளை வைத்தார், நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மேனேஜர் அசையவில்லை. இதெல்லாம் ஃபிட்டரும் பத்திரிகைக்காரரும் சேர்ந்து ஜோடித்த கதையாக ஏன் இருக்கக் கூடாது என்றார்.

"சார், ஒரே ஒரு கேள்வி," என்றார் மூட்டையார். "எட்டுங்கறது உண்மையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பாதுகாப்பு. என்ஜின் சமாச்சாரம் எனக்குச் சொல்ல மாட்டாங்க. அது ரகசியம்."

"நீங்க யார்கிட்டயும் கேக்கலையா?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

மூட்டையார் தலை குனிந்துகொண்டார். இருவருமே கேட்கவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பைப் பறிக்கிற வேலையில் இரண்டு பேர் ஒன்றரை மாதம் ஈடுபட்டும், செய்தி நிஜமா என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

மேனேஜர் தலைமை என்ஜினீயருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்து, விசாரணைக்காக ஒரு விவரம் வேண்டும், புது மாடலில் எட்டு சிலிண்டர் என்று வந்த செய்தி சரிதானா என்றார். மறுமுனையில் ஒரு சிரிப்பு வெடித்தது.

"எட்டா? இருக்கற ஆறே போகுதுய்யா. பேட்டரி மோட்டார் சேர்த்து நாலு சிலிண்..." சிரிப்பு சட்டென்று நின்றது. "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

மேனேஜர் அவசரமாகப் போனை வைத்தார்.

"இப்போதான் சார் நிஜமான ரகசியம் வெளிய வந்திருக்கு," என்றாள் அக்கா. "அதுவும் பாதுகாப்பு அறையில வச்சு. யாரை நீக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

மூட்டையாருக்குச் சிரிப்பு வரவில்லை. 'நான் சொல்லியிருந்தா தப்பாச் சொல்லியிருக்க மாட்டேன்.' அது திமிர் இல்லை. அந்த மனிதனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். எட்டு இல்லை என்று சொல்லியிருந்தால் அப்போதே தப்பித்திருப்பார். ஆனால் எட்டு இல்லை என்பதும் ரகசியம்தானே. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறார். வேலை போகிற நேரத்திலும் கம்பெனியின் ரகசியத்தைக் காப்பாற்றிய ஒரே ஆளைத்தான் ரகசியத்தை விற்றவர் என்று மூட்டையார் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாதி ஒப்புதலாம்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். தோற்றுப்போனவர்களுக்கு வருகிற குரூரப் புத்தி அவருக்கும் வந்தது. "இருந்தாலும் ஓவரால்ல எழுதினது விதிமீறல்தானே? அந்தக் காரணத்தை வச்சு..."

"காகிதம் கூடாதுன்னு விதி போட்டது யாரு சார்?" என்றார் மூட்டையார்.

விதியின் அடியில் மேனேஜரின் கையெழுத்துத்தான் இருந்தது.

"சோதனை அறையில பதினாறு ஃபிட்டர். பதினாறு பேரும் தொடையிலதான் எழுதறாங்க. நீக்கறதா இருந்தா பதினாறு பேரையும் நீக்குங்க. நாளைக்கு என்ஜினை நீங்க போய் ஓட்டுங்க."

மேனேஜர் நீக்கக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஆனால் கோப்பில் மூட்டையாரின் அறிக்கை இருக்கிறதே, அதை மாற்றாமல் ஃபிட்டரை உள்ளே எடுக்க முடியாது என்றார். மூட்டையார் பேனாவை வாங்கி, அறிக்கையின் அடியிலேயே எழுதினார்: 'நான் எழுதியது தவறு. ஃபிட்டர் சொன்ன இரண்டு பதிலும் உண்மை. அதைத் தெரிந்துகொள்ள நான் மூன்று படி ஏறவில்லை.'

"இது என்னங்க மூணு படி?" என்றார் மேனேஜர்.

"இருக்கட்டும் சார். அது அப்படியே இருக்கட்டும்."

ஃபிட்டரின் போன் அணைத்து வைத்திருந்தது. திரும்ப வேலைக்கு வரச்சொல்லும் கடிதம் நாளைக் காலை ஆள் மூலம் வீட்டுக்குப் போகும் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். வேலை விஷயம் முடிந்தது.

லாண்டரி தெருவுக்குள் கார் திரும்பியபோது மணி ஐந்தரை. வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டது. அக்கா ஓரம்கட்டுவதற்குள் மூட்டையார் கதவைத் திறந்துவிட்டார். கையில் மடித்த ஓவரால்.

எதிர்ச் சாரியில், லாண்டரி வாசலில் ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தார். மூன்று வாரமாகப் பேசாத மனைவியைக் கூட்டிப் போக, வழக்கம் போல, அதே நேரத்துக்கு. அவள் படி இறங்கி வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் பத்தடி பின்னால் நடந்தார்.

மூட்டையார் சாலையைக் கடந்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இருந்தாலும் இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். அவர்கள் பேருந்து நிறுத்தத்தை அடைந்தார்கள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? அறிக்கை முழுக்க 'மேற்படி நபர்' என்றுதான் எழுதியிருந்தார். அவள் பேரைக் கேட்கவே இல்லை.

பேருந்து வந்தது. அவள் முன்வாசலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் பின்வாசலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் பத்துப் பன்னிரண்டு வரிசை.

மூட்டையார் மூச்சு வாங்க வந்து நிறுத்தத்தின் தூணைப் பிடித்தபோது பேருந்து நகர்ந்துவிட்டது. ஜன்னலில் அவள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். காலையில் கறையோடு வந்த அண்ணன். லேசாகச் சிரித்து, தன் சட்டைக் கையைத் தொட்டுக் காட்டினாள். நாளைக்குக் கொண்டுவரச் சொன்னதை ஞாபகப்படுத்துகிறாளாம்.

அக்கா காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கி, "கால் ரொம்ப வலிக்குதா தம்பி?" என்றாள். கிண்டல் இல்லை.

"காலை விடுக்கா."

"அதான் எழுதிக் கொடுத்துட்டியே."

"எழுதினது கம்பெனிக்கு."

மூட்டையார் காரில் ஏறவில்லை; பேருந்தைத் துரத்திப் பிடித்து, ஊரார் நடுவில் சொல்கிற பேச்சில்லை இது. ஓவராலை மார்போடு பிடித்தபடி பேருந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். லாண்டரி மறுபடி திறக்க நாளைக் காலை எட்டு மணியாகும். அதுவரைக்கும் அந்த வீட்டில் இன்னொரு ராத்திரி, இன்னொரு சாப்பாடு, பேச்சில்லாமல். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, 'உன் புருஷன் உன்கிட்ட பொய் சொல்லல, பொய் எழுதினவன் நான்தான்' என்று அவர் வாயால் சொல்ல வேண்டிய அந்த ஒரு வரி இன்னும் பாக்கி.